மாலையும் துடைப்பமும்: அம்பேத்கரின் 1943 பூனா உரையை முன்வைத்து



நினைவுச் சொற்பொழிவு நமக்கு நன்கு பழகிய சடங்கு. படத்துக்கு மாலை போடுவோம். எழுந்து நின்று அஞ்சலி செலுத்துவோம். அழைக்கப்பட்டவர் மறைந்தவரின் பெருமையைப் பேசுவார். பிறகு பொன்னாடை, நன்றியுரை. இதைக் கேலி செய்ய நான் வரவில்லை. பிணத்தைப் பொதுப்பாதையில் கொண்டுபோக இன்றைக்கும் சண்டையிட வேண்டியிருக்கும் மக்கள், தம்முடைய ஒருவருக்காக மண்டபம் எடுத்து மாலை போடுவதில் ஒரு வரலாறு இருக்கிறது. ஆனால் நினைவுச் சொற்பொழிவை வேறு விதமாகவும் நிகழ்த்தலாம் என்று 1943இல் ஒருவர் காட்டினார். இன்று அந்த உரையைப் பற்றித்தான் பேசப்போகிறேன். அங்கிருந்து நம் வீட்டு முற்றத்துக்கும் வருவேன். அந்த இடம் சிலருக்குக் கசக்கலாம்.

1943 ஜனவரி 18. மகாதேவ் கோவிந்த் ரானடேயின் 101ஆவது பிறந்த நாள். இடம் பூனாவின் கோகலே நினைவு மண்டபம். அழைத்தது தக்காண சபை. அது ரானடேயே 1896இல் தொடங்கிய அமைப்பு. பேசியவர் பாபாசாகேப் அம்பேத்கர். அப்போது அவர் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினர். இதே ஊரின் எரவாடா சிறையில் கிடந்த காந்தியின் உண்ணாவிரதத்துக்காகப் பூனா ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட நேர்ந்து பத்தாண்டுகள் கடந்திருந்தன. அந்த ஊரில், ஒரு பார்ப்பன நீதிபதியின் நினைவைப் போற்ற, மிதவாதிகளின் மேடையில் ஒரு மகர் ஏறி நிற்கிறார்.

ரானடே இறந்தது 1901இல். அன்று பள்ளிக்கு விடுமுறை விட்டார்கள், ரானடே யார் என்று எங்களுக்குத் தெரியாது என்று அம்பேத்கர் அந்த உரையில் நினைவுகூர்கிறார். பின்னாளில் அவர் தந்தை விட்டுச்சென்ற பழைய காகிதங்களில் ஒரு மனுவின் நகல் கிடைக்கிறது. 1892இல் மகர்களைப் படையில் சேர்ப்பதை அரசு நிறுத்தியபோது, அதை எதிர்த்து மகர் படைவீரர்கள் அனுப்பிய மனு அது. அதை எழுதிக்கொடுத்தவர் ரானடே என்று விசாரித்துத் தெரிந்துகொள்கிறார். நம்மில் ஒருவருக்கு இப்படி ஒரு காகிதம் கிடைத்திருந்தால் போதும். ஒரு மணி நேரம் நன்றியிலேயே பேசி, கண்ணீரோடு உட்கார்ந்திருப்போம். அம்பேத்கர் அந்தச் செய்தியைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். ரானடே பெரிய மனிதர்தானா, யாரைப் பெரிய மனிதர் என்பது, அதற்கு அளவுகோல் என்ன என்று கேட்கத் தொடங்குகிறார். பிறந்தநாள் விழாவுக்கு அழைத்தவர்கள் சற்று நெளிந்திருப்பார்கள்.

வரலாற்றை மனிதர்கள் செய்கிறார்களா, பொருளாதாரமும் நிலமும் செய்கின்றனவா என்ற பழைய வழக்கை எடுக்கிறார். மார்க்ஸ் வருகிறார், பக்கிள் வருகிறார், கார்லைல் வருகிறார். கார்லைல் சொல்லும் நேர்மை என்ற அளவுகோல் போதாது என்கிறார் அம்பேத்கர். அறிவும் நேர்மையும் இருந்தால் ஒருவர் புகழ்பெற்ற மனிதர் ஆகலாம். பெரிய மனிதர் ஆவதற்குச் சமூக நோக்கம் வேண்டும், தன் சமூகத்துக்கு அவர் சாட்டையாகவும் துப்புரவாளராகவும் இருக்க வேண்டும் என்கிறார்.

தோழர்களே, இந்தத் துப்புரவாளர் என்ற சொல்லில் சற்று நிற்க வேண்டும். அவர் ஆங்கிலத்தில் பயன்படுத்தியது, அரசாங்க ஏடுகளில் மலக்கூடை தூக்கியவர்களின் வேலைப்பெயராக எழுதப்பட்ட அதே சொல். எந்தச் சொல்லால் நம் மக்களில் ஒரு பகுதியினரைத் தெருவின் கடைசியில் நிறுத்தினார்களோ, அந்தச் சொல்லை எடுத்து மாமனிதருக்கான பட்டமாக அந்த மண்டபத்தில் வைக்கிறார். அதைத் தெரிந்தே செய்தாரா என்று நான் வாதிடப்போவதில்லை. அவருக்குச் சொற்கள் தற்செயலாக விழுவது குறைவு என்று மட்டும் சொல்வேன்.

ரானடேயை இந்த அளவுகோலில் வைத்துப் பார்க்கிறார். ரானடே குறையில்லாதவர் அல்ல. விதவை மறுமணத்துக்காக வாதாடியவர், 1873இல் தன் முதல் மனைவி இறந்தபோது தந்தையின் வற்புறுத்தலுக்குப் பணிந்து பதினொரு வயதுச் சிறுமியை மணந்துகொண்டார். கிறித்தவ மிஷன் ஒன்றில் தேநீர் அருந்திய விவகாரத்தில் பிராயச்சித்தம் செய்துகொண்டார். ஆனாலும் அவர் வாழ்நாள் முழுக்க எதைப் பற்றிப் பேசினார் என்று பார்க்க வேண்டும். காங்கிரஸின் மூன்றாவது மாநாடு 1887இல் நம் சென்னையில் நடந்தபோது, அதை ஒட்டித்தான் தேசிய சமூக மாநாட்டின் முதல் கூட்டமும் கூடியது. அதைத் தொடங்கியவர்களில் முதன்மையானவர் ரானடே. வெள்ளைக்காரன் நம்மை என்ன செய்தான் என்று ஒரு பந்தலில் பேசினார்கள். அது முடிந்ததும் அதே பந்தலில், நாம் நம் பெண்களை என்ன செய்கிறோம், நம் சாதிகள் ஒன்றையொன்று என்ன செய்கின்றன என்று பேசினார்கள். சில ஆண்டுகள் அப்படி நடந்தது. 1895இல் காங்கிரஸ் பூனாவில் கூடியபோது, சமூக மாநாட்டுக்குப் பந்தலைக் கொடுத்தால் கொளுத்திவிடுவோம் என்று திலகர் தரப்பினர் மிரட்டினார்கள். ரானடே பின்வாங்கினார். மாநாடு வேறிடத்துக்குப் போனது.

அந்நியனைத் திட்டியவருக்கு ஊர்வலம், வீட்டைத் திருத்தச் சொன்னவருக்குத் தீப்பந்தம். இந்திய அரசியலில் தலைவர் வழிபாட்டின் வேர் இங்கே இருக்கிறது என்பது என் எண்ணம். எதிரியைக் காட்டுகிற தலைவரை வணங்குவது சுலபம். அவர் நம்மிடம் எதையும் கேட்பதில்லை. வீட்டைப் பெருக்கச் சொல்கிறவரை வணங்க முடியாது. அவர் சொல்வதைக் கேட்டால் நாமே துடைப்பத்தைத் தொட வேண்டியிருக்கும்.

உரையின் பிற்பகுதியில் அம்பேத்கர் காந்தியையும் ஜின்னாவையும் ரானடேயோடு ஒப்பிடுகிறார். இருவரும் நாட்டின் அரசியலைத் தம் சொந்த அகந்தையின் மேடையாக்கிவிட்டார்கள், அதனால் எல்லாம் நின்றுபோய்க் கிடக்கிறது என்பது அவர் குற்றச்சாட்டு. பத்திரிகைகளையும் விடவில்லை. ஒரு காலத்தில் தொழில்தருமம் இருந்த பத்திரிகை, இப்போது சோப்பு விற்பதைப் போன்ற வியாபாரமாகி, நாயகர்களுக்குக் கொட்டடிப்பதே வேலையாகிவிட்டது என்கிறார். தன்னை அழைத்த மிதவாதிகளையும் விடவில்லை. உங்களுக்குக் கொள்கை இருக்கிறது, அமைப்பு இல்லை என்று அவர்கள் முகத்துக்கு நேரே சொல்கிறார்.

காங்கிரஸ் பத்திரிகைகள் பாய்ந்தன. உரை அச்சில் வந்தபோது முன்னுரையில் பதில் எழுதினார். நான் சிலையை வணங்குகிறவன் இல்லை, உடைக்கிறவன் என்றார். இந்தத் தலைவர்களை எனக்குப் பிடிக்காமல்போனதற்குக் காரணம், அவர்களைவிட இந்த நாட்டை நான் அதிகம் நேசிப்பதுதான் என்ற பொருளில் எழுதினார். உரைக்குள்ளேயே ஒரு பாகுபாட்டையும் வைத்திருந்தார். ஒருவரிடமுள்ள உயர்ந்த குணத்தைக் கண்டு மனமாரப் போற்றுவது ஒன்று. அவர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டுவது வேறொன்று. முதலாவதில் போற்றுகிறவரின் அறிவு அவரிடமே இருக்கிறது. இரண்டாவது, பண்ணையாருக்கு முன்னால் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்பது. கடைசி உவமை என்னுடையது. அவர் சொன்னது ஐரோப்பியப் பண்ணையடிமையைப் பற்றி. தஞ்சாவூர்க்காரர்களுக்கு நான் மொழிபெயர்க்க வேண்டியதில்லை.

அதே அளவுகோலைத் தன் மீதும் வைத்துக்கொண்டார். 1947 ஏப்ரலில் சென்னையிலிருந்து வெளிவந்த ‘ஜெய் பீம்’ இதழ் அவர் பிறந்தநாளுக்காகச் சிறப்பிதழ் கொண்டுவந்து செய்தி கேட்டது. நம் ஊர்க்காரர்கள் கேட்டார்கள். அவர் அனுப்பிய செய்தி வாழ்த்தாக இல்லை. அரசியல் தலைவரைத் தீர்க்கதரிசியின் இடத்தில் வைப்பது இந்தியாவின் துரதிருஷ்டம், என் பிறந்தநாளைக் கொண்டாடுவது எனக்குப் பிடிக்கவில்லை, தகுதியிருந்தால் அன்பும் மதிப்பும் போதும், வழிபாடு தலைவரையும் கெடுக்கும் தொண்டரையும் கெடுக்கும் என்று எழுதினார். 1949 நவம்பர் 25இல் அரசியல் நிர்ணய சபையில், மதத்தில் பக்தி விடுதலைக்கு வழியாக இருக்கலாம், அரசியலில் அது சர்வாதிகாரத்துக்கு இட்டுச்செல்லும் என்று எச்சரித்ததை நம் மேடைகளில் அடிக்கடி சொல்கிறோம். அதை மற்றவர்களின் தலைவர்களைப் பற்றிய எச்சரிக்கையாகவே சொல்கிறோம். அந்த உரை நிகழ்ந்த மறு ஆண்டே, 1950இல், அவர் உயிரோடிருக்கும்போதே கொல்லாபுரத்தில் அவருக்குச் சிலை வைத்துவிட்டார்கள்.

சிலையைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். தலித்துகளின் சிலைகளையும் மற்றவர்களின் சிலைகளையும் ஒரே தட்டில் வைத்து, எல்லாம் தனிமனித வழிபாடு என்று ஒதுக்கும் நடுநிலையாளர்களோடு எனக்கு உடன்பாடில்லை. மராத்வாடா பல்கலைக்கழகத்துக்கு அம்பேத்கர் பெயரை வைக்க 1978இல் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. அதற்காக தலித் குடிசைகள் எரிந்தன. பெயர் வந்தது 1994இல். பதினாறு ஆண்டுகள். 1997 ஜூலையில் மும்பை ரமாபாய் நகரில் அம்பேத்கர் சிலைக்குச் செருப்பு மாலை போட்டார்கள். கேள்வி கேட்டுத் தெருவுக்கு வந்த மக்கள்மீது போலீஸ் சுட்டதில் பத்துப் பேர் இறந்தார்கள். மேலவளவுப் படுகொலை நடந்ததும் அந்த ஆண்டுதான். வீரன் சுந்தரலிங்கம் பெயர் எழுதிய பேருந்தில் ஏற மாட்டோம் என்று தென்மாவட்டங்களில் ஒரு சாரார் கிளம்ப, தமிழக அரசு எல்லா மாவட்டங்களிலிருந்தும் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் எல்லாத் தலைவர்களின் பெயரையும் நீக்கியதும் அந்த ஆண்டுதான். ஒரு தலித் வீரனின் பெயரைப் பொறுக்க முடியாததற்காக எல்லாப் பெயர்களும் போயின. இந்தச் சூழலில் கம்பிக் கூண்டுக்குள் நிற்கும் அம்பேத்கரைச் சுற்றி நாம் காவல் நிற்பது பக்தி அல்ல. அந்த இடம் எங்களுக்கும் உரியது என்ற கோரிக்கை அது.

ஆனால் காவல் நின்று நின்று நமக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. வெளியிலிருந்து கல் விழுந்துகொண்டே இருப்பதால், உள்ளே யாராவது வாய் திறந்தால் அதையும் கல் என்றே நினைக்கிறோம்.

சினிமா நாயகர்களைப் பற்றி இங்கே பேசுவேன் என்று சிலர் எதிர்பார்த்திருக்கலாம். எம்.எஸ்.எஸ். பாண்டியன் ‘பிம்பச் சிறை’ நூலில், எம்.ஜி.ஆர். ஆட்சியில் வரிச்சுமையைச் சுமந்த ஏழைகளே அவருக்கு வாக்களித்ததன் சூட்சுமத்தை விரிவாக ஆராய்ந்துவிட்டார். நம் காலனி வாசல்களில் இன்று எந்த நடிகரின் பலகை நிற்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். அதைத் திட்டுவதில் நமக்குச் செலவு எதுவுமில்லை. அதனால் கடந்துபோகிறேன்.

செலவு இருக்கிற இடத்துக்கு வருவோம். தன் மக்களைக் கண்டிப்பதில் அம்பேத்கர் தயங்கியதில்லை. 1936 மே மாதம் தாதரில் நடந்த மகர் மாநாட்டில் மதமாற்றத்தைப் பற்றி நீண்ட உரை நிகழ்த்தியவர், அதை முடித்தது புத்தர் ஆனந்தருக்குச் சொன்ன அறிவுரையோடு. உங்களுக்கு நீங்களே விளக்கு; என் சொல்லையும் உங்கள் அறிவால் சோதித்துப் பாருங்கள் என்பதுதான் அதன் பொருள். 1956 மார்ச்சில் ஆக்ராவில், படித்தவர்கள் தனக்குத் துரோகம் செய்துவிட்டார்கள், தம் வயிற்றை நிரப்பிக்கொள்வதோடு நின்றுவிட்டார்கள் என்று ஆயிரக்கணக்கானோர் முன்னால் மனம் நொந்து பேசினார். அந்தப் படித்தவர்களில் பலர் அவருடைய கட்சிக்காரர்கள். அந்த ஆண்டு டிசம்பர் 6இல் அவர் இறந்தார். 1957இல் தொடங்கிய இந்தியக் குடியரசுக் கட்சி சில ஆண்டுகளிலேயே பிளந்தது. பிளந்த ஒவ்வொரு துண்டும் அவர் படத்தைத்தான் தூக்கிக்கொண்டு போனது.

தமிழ்நாட்டில் நமக்கு இன்னும் பழைய விவாத மரபு உண்டு. இரட்டைமலை சீனிவாசன் 1893இல் ‘பறையன்’ என்று இதழுக்குப் பெயர் வைத்தார். இழிவாகச் சொல்லும் பெயரை நெஞ்சை நிமிர்த்திச் சொன்னால்தான் இழிவு போகும் என்பது அவர் கட்சி. அயோத்திதாசப் பண்டிதருக்கு அந்தப் பெயரே பகைவர் சுமத்திய பொய். 1907இல் அவர் தொடங்கிய இதழ் ‘ஒரு பைசாத் தமிழன்’. இருவரும் மைத்துனர்கள். வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கரோடு தோளுக்குத் தோள் நின்ற சீனிவாசன், அம்பேத்கர் மதமாற்றத்தை அறிவித்தபோது, நாம் இந்துக்களே இல்லையே, வெளியேறுவதற்கு என்ன இருக்கிறது என்று மறுத்தார். யாரும் யாரையும் துரோகி என்று சுவரொட்டி ஒட்டவில்லை.

அயோத்திதாசரின் எழுத்துகள் ஞான. அலாய்சியஸ் தொகுப்பில் 1999 முதல் பரவலாக நம் கைக்கு வந்தன. நம் தலைமுறைக்கு அது புதையல். தமிழ் நவீனத்தின் தொடக்கத்தை வேறிடத்தில் தேடிக்கொண்டிருந்தவர்களை அது வாயடைக்க வைத்தது. அந்தப் புதையலுக்குள், பூர்வ பௌத்தர்களோடு சக்கிலியரையும் குறவரையும் ஒரே வரிசையில் சேர்த்து எண்ணுவதை ஏற்காத பண்டிதரும் இருந்தார். தாழ்த்தப்பட்டவர் வேறு, தாழ்ந்தவர் வேறு என்று அவர் பிரித்தபோது, இரண்டாவது பக்கம் தள்ளப்பட்டவர்களுக்கும் பிள்ளைகள் இருந்தார்கள், அவர்களும் படித்தார்கள். அருந்ததிய எழுத்தாளர்கள் இதைச் சுட்டிக்காட்டியபோது நம்மில் பலர் சொன்ன பதில் என்ன? இது ஆதிக்கச் சாதிக்குத் தீனி போடும் வேலை, இப்போது இது தேவையா, பண்டிதரைக் கொச்சைப்படுத்துகிறார்கள். பூனா பத்திரிகைகள் 1943இல் எழுதியதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு என்று எனக்குப் புரியவில்லை. பண்டிதர் ரானடேயைவிடப் பெரிய மனிதர் என்றே நான் கருதுகிறேன். ரானடேயின் குறை தெரிந்தும் அவரைப் போற்ற அம்பேத்கரால் முடிந்ததென்றால், பண்டிதரின் குறையைப் பேசியபடியே அவரைப் போற்ற நம்மால் ஏன் முடியாது?

இலக்கியத்தில் இந்த வேலையைச் செய்தவர்கள் பட்டது கொஞ்சமல்ல. பாமாவின் ‘கருக்கு’ 1992இல் வந்தபோது அவர் தன் சொந்த ஊருக்குள்ளேயே சில மாதங்கள் போக முடியாமலிருந்தது. இரண்டு ஆண்டு கழித்து ‘சங்கதி’யில், வெளியே மேல்சாதிக்காரன் அடிக்கிறான், வீட்டுக்குள் புருஷன் அடிக்கிறான் என்பதைப் பெண்கள் வாயாலேயே பேச வைத்தார். 1994இல் இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ வந்தது. தலித்துகளுக்கு வெளுத்துப்போடும், தலித்துகளின் வாசலில் இராச்சோறு வாங்கும் புதிரை வண்ணார் குடும்பத்தின் கதை. தலித்துகளை ஒடுக்குபவர்களாகக் காட்டிவிட்டார் என்று நம் அரங்குகளிலேயே கடுமையாகப் பேசினார்கள். நாவலில் வரும் ஆரோக்கியம் சொன்னது பொய் என்று யாரும் நிரூபிக்கவில்லை. சொல்லக்கூடாது என்றார்கள், அவ்வளவுதான்.

சமூகவியல் படித்தவள் என்ற முறையில் ஒரு விளக்கம். அம்பேத்கர் படிநிலைச் சமத்துவமின்மை என்று சொன்னது, மேலே இருப்பவர்களைப் பற்றிய குற்றச்சாட்டு மட்டுமல்ல. ஏணியில் கடைசிக்கு முந்தின படியில் நிற்பவருக்கும் மிதிப்பதற்கு ஒரு தலை கிடைக்கிறது. அதனால்தான் ஏணி விழாமல் நிற்கிறது. சாதி நம் தலைமீதும் உட்கார்ந்திருக்கிறது, நம் கைக்குள்ளும் இருக்கிறது.

2009இல் தமிழக அரசு, பட்டியல் சாதிகளுக்கான 18 சதவீதத்துக்குள் அருந்ததியருக்கு 3 சதவீதம் ஒதுக்கியது. எதிர்த்து வழக்கு நடந்தது. 2024 ஆகஸ்ட் 1இல் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு, உள்வகைப்பாடு செய்ய மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்றது. அந்தத் தீர்ப்பில் சில நீதிபதிகள் பட்டியல் சாதிகளுக்கும் கிரீமி லேயர் வேண்டும் என்று பேசியதை நானும் எதிர்க்கிறேன். தீண்டாமை சம்பளச் சீட்டைப் பார்த்து வருவதில்லை. ஆனால் அந்த அபாயத்தைக் காட்டி 3 சதவீதத்தையே எதிர்ப்பவர்கள், மண்டல் அறிக்கையின்போது நமக்கு எதிரில் நின்றவர்கள் சொன்ன சொற்களை அப்படியே சொல்வதைக் கேட்கும்போது கூச்சமாக இருக்கிறது. தகுதி, ஒற்றுமை, பிரித்தாளும் சூழ்ச்சி. பாதாளச் சாக்கடைக் குழிக்குள் இறங்கிச் செத்தவர்களின் பட்டியலை எடுத்துப் பாருங்கள். அங்கே எந்தச் சாதியின் பங்கு அதிகம் என்று பார்த்துவிட்டு, அரசு வேலைப் பட்டியலைப் பாருங்கள். பிறகு ஒற்றுமையைப் பற்றிப் பேசலாம்.

எந்த விமர்சனம் ஆக்கபூர்வமானது என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பெரிய கோட்பாடு கிடையாது. சொல்கிறவர் அந்த வீட்டிலேயே தொடர்ந்து குடியிருக்கப்போகிறாரா என்று பார்ப்பேன். ரானடே இருந்தார். அம்பேத்கர் இருந்தார். பாமா ஊருக்குத் திரும்பிப் போனார்.

கடைசியாக ஒரு வேலை இருக்கிறது. புதிரை வண்ணார் பட்டியல் சாதியில் இருக்கிறார்கள். 2009இல் அவர்களுக்கென நலவாரியமும் அமைத்தார்கள். ஆனால் சாதிச் சான்றிதழ் கேட்டு வட்டாட்சியர் அலுவலகம் போனால், வண்ணார் என்று எழுதி மிகவும் பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழை நீட்டுகிறார்கள், இல்லையென்றால் அலையவிடுகிறார்கள். நீங்கள் புதிரை வண்ணார்தான் என்பதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்கிறார்கள். அத்தாட்சி நாம்தான். தலைமுறை தலைமுறையாக நம் தீட்டுத் துணியை வெளுத்தவர்கள், நம் சாவுக்கு வேலை செய்தவர்கள் யார் என்று நம் காலனிப் பெரியவர்களைத் தவிர யாரால் சொல்ல முடியும்? அந்தக் குடும்பத்தோடு அலுவலகத்துக்குப் போய், இவர்களிடம் வேலை வாங்கியவர்கள் நாங்கள் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அப்படி எழுதுவது நமக்குச் சங்கடமாக இருக்கும் என்று தெரியும். இந்த அமைப்புக்கு எத்தனை ஊர்களில் கிளை இருக்கிறதோ அத்தனை ஊர்களிலும், வரும் ஏப்ரல் 14க்கு மாலை வாங்குவதற்கு முன்னால், அந்தக் குடும்பங்கள் யார், பிள்ளைகள் எத்தனை பேர், எத்தனை பேரிடம் சான்றிதழ் இல்லை என்று ஒரு நோட்டில் எழுதிக் கொண்டுவர முடியுமா என்று கிளைப் பொறுப்பாளர்களைக் கேட்கிறேன். மனு எழுதுவதற்கு நான் வருகிறேன்.

 மறுப்பு இருப்பவர்கள் எழுந்து பேசலாம், நேரம் இருக்கிறது.